ஏற்காடு எக்ஸ்பிரஸும் எங்கள் வீட்டு கண்டெய்னரும்: நகரும் வீட்டுக்குக் குளிர் வந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சண்டை என்றால் பெரிய சண்டை இல்லை, மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடக்கிற மரியாதையான சண்டை. ஏற்காட்டில் எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உத்தரத்தைச் செல் அரித்துவிட்டது. பிரித்துக் கட்ட என் ஓய்வூதியம் போதாது. மாப்பிள்ளை சேலத்தில் இருப்பவர், நல்ல பிள்ளை. "மாமா, கட்டடமே வேண்டாம். கண்டெய்னர் வீடு இறக்கிடலாம். லாரியில் வரும், கிரேனில் தூக்கி வெச்சா முடிஞ்சது. நாளைக்கு வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போறதுன்னாலும் போலாம்" என்றார். சரி என்றேன். அடுத்த வார்த்தைதான் பிரச்சினை. "உள்ளே சென்ட்ரல் ஏசி போட்டுடறேன்."

ஏற்காட்டில் ஏசியா? என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் மின்விசிறிகூடக் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வாங்கியது ஒரு டேபிள் ஃபேன், அதுவும் காபிக் கொட்டை மேல் உட்காரும் ஈயை விரட்ட. நான் கோபப்பட்டேன். மாப்பிள்ளை பொறுமையாக ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் சக்கரத்தின் மேல் கட்டிய வீடு. தரைக்கு அடியில் தகரக் குழாய் ஓடுகிறது. வெளியே ஒரே ஒரு இயந்திரம், உள்ளே எல்லா அறைக்கும் குளிர். "இதே மாதிரி அடியில் டக்ட் கொண்டு போயிடலாம் மாமா."

நான் உடனே என் பழைய மாணவன் ஒருவனுக்கு போன் செய்தேன். ரயில்வேயில் ஏசி பெட்டிப் பிரிவில் வேலை பார்க்கிறான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குக்கு அடி வாங்கியவன். (இப்போது அதற்காக வருத்தப்படுகிறேன்.) வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவன் சொன்னது: "சார், நாங்க தினமும் பண்றதே இதுதானே. நகர்ற வீட்டுக்கு சென்ட்ரல் ஏசி. ஆனா எங்க டக்ட் மேலே இருக்கும், கீழே இருக்காது."

ஏன் அங்கே கீழே, இங்கே மேலே? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்குக் கிடைத்ததுதான் இந்தக் கதை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் போட்டால் எட்டு டிகிரி. சேலத்தில் 38 என்றால் நமக்கு 30. இந்த எட்டு டிகிரிக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் சேர்வராயன் மலைக்கு வந்தார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபி கொண்டுவந்தார் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கார் ஏறும் சாலையெல்லாம் அதற்கு ரொம்பப் பிற்பாடு. அதற்கு முன் துரைகள் குதிரையில் வந்தார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில் வந்தார்கள். டோலியைச் சுமந்தவர்கள் ஏறியது தம் சொந்தக் காலில்.

மனிதன் குளிரைத் தேடிப் போவது ஒரு வழி, குளிரை மனிதனிடம் கொண்டுவருவது இன்னொரு வழி. முதல் வழியை சென்னை அரசாங்கமே பின்பற்றியது. 1870 முதல் கோடை வந்தால் கோப்பு, குமாஸ்தா சகிதம் ஊட்டிக்கு மூட்டை கட்டிப் போனது. மலைக்குப் போக முடியாதவர்கள் சமவெளியிலேயே இரண்டாம் வழியை முயன்றார்கள். கூரையில் தொங்கும் துணிப் பங்கா, அதன் கயிற்றை வராண்டாவில் உட்கார்ந்து இரவு முழுக்க இழுக்க ஒரு ஆள். வாசலிலும் ஜன்னலிலும் வெட்டிவேர் தட்டி, அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க இன்னொரு ஆள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். சேலம் போன்ற வறண்ட வெயிலில் தட்டி நன்றாக வேலை செய்யும். சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் அவ்வளவாக எடுபடாது. ரயில் வந்தபோது இந்தத் தட்டி ரயில் பெட்டி ஜன்னலுக்கும் ஏறியது.

ஈரக்காற்றில் தட்டி எடுபடாத சென்னைக்கு ஐஸ் வந்தது. கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து விற்றவர். 1833இல் அவருடைய முதல் ஐஸ் கப்பல் 'டஸ்கனி' கல்கத்தா வந்து சேர்ந்தது. நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். புறப்பட்டது சுமார் 180 டன், பாதிக்கு மேல் உருகாமல் வந்தது. சென்னைக்கு வந்த ஐஸை வைக்க 1842இல் மெரினா எதிரே ஒரு வட்ட வடிவக் கட்டடம் கட்டினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். அவர் தங்குவதற்கு முன்பே ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. 1870களில் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். வகுப்பில் யாராவது ஒரு பையன் கேட்பான்: "சார், ஒன்றரை டன் ஏசின்னா அவ்வளவு வெயிட்டா?" நானும் ரொம்ப வருஷம் சரியான பதில் தெரியாமல் மழுப்பியிருக்கிறேன். அது இயந்திரத்தின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் 'ஒரு டன்' குளிர். (இது அமெரிக்க டன், 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. மின்சாரக் கணக்கில் சுமார் 3.5 கிலோவாட் வெப்பம்.) ஐஸ் வியாபாரம் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அளவு மட்டும் இன்னும் கடைத்தெருவில் உயிரோடு இருக்கிறது. சேலத்தில் கடைக்காரர் "ஒன்றரை டன் போதும் சார்" என்று சொல்லும்போது, தனக்கே தெரியாமல் ஒன்றரை டன் ஐஸ் பாளத்தைத்தான் எடைபோட்டுக் கொடுக்கிறார்.

இனி ரயிலுக்கு வருகிறேன். 1856இல் ராயபுரத்திலிருந்து ஓட ஆரம்பித்த ரயில், சேலம் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை 1862இல் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்துப் பெட்டியை அப்படியே இங்கே ஓட்டினால் உள்ளே இருப்பவர் வெந்துவிடுவார். அதனால் நம் நாட்டுப் பெட்டிகளுக்கு இரட்டைக் கூரை வைத்தார்கள். ஒரு கூரை, அதற்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு கூரை. வெயிலை மேல் கூரை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும். ஜன்னலுக்கு மேல் இறக்கிவிட்ட நிழல் தகடு, உள்ளே மரச்சட்டக் கதவு. இயந்திரம் எதுவும் இல்லை, வெப்பத்தை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்துவது மட்டும்தான். இந்த இரட்டைக் கூரையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் நகரும் வீட்டுக் கனவு வெள்ளைக்காரர்களுக்கு ரொம்ப இருந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஜூல்ஸ் வெர்ன் 1880இல் எழுதிய ஒரு நாவலில், நீராவியில் ஓடும் இரும்பு யானை ஒன்று சக்கரம் வைத்த வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியா முழுக்கச் சுற்றும். கண்டெய்னர் வீட்டுக்காரர்கள் குலதெய்வமாக வைத்துக்கொள்ளலாம்.

ஐஸும் ரயிலும் ஒன்றாகச் சேர்ந்தது 1934இல். பம்பாயிலிருந்து டெல்லி வழியாக பெஷாவர் வரை ஓடிய ஃபிரான்டியர் மெயில் வண்டி. 1928இல் ஆரம்பித்த அந்த வண்டியில், 1934இல் குளிரூட்டிய பெட்டி சேர்த்தார்கள். அன்றைய 'ஏர் கண்டிஷன்' இப்படி: பெட்டியின் தரைக்கு அடியில் மூடிய தொட்டிகள். அவற்றில் ஐஸ் பாளங்கள். பேட்டரியில் ஓடும் ப்ளோயர் ஒன்று அந்த ஐஸ் மேல் காற்றைத் தள்ளி, குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பும். குறிப்பிட்ட ஸ்டேஷன்களில் வண்டி நிற்கும்போது உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுப் பாளம் ஏற்றுவார்கள். நான் படித்த குறிப்புகளில் எல்லாம் 'ஐஸ் ஏற்றப்பட்டது' என்று மட்டும்தான் இருக்கிறது. ஏற்றியவர்கள் யார் என்று யாரும் எழுதவில்லை. மே மாதப் பகலில், தகிக்கும் பிளாட்பாரத்தில், வழுக்கும் பாளத்தைத் தோளிலும் சாக்கிலும் சுமந்து தரைக்கு அடியில் குனிந்து தள்ளியவர்கள். உள்ளே முதல் வகுப்புப் பிரயாணிக்கு உத்தியோகம், பெயர் எல்லாம் உண்டு. அதே வண்டிதான் 1996 முதல் கோல்டன் டெம்பிள் மெயில் என்ற பெயரில் ஓடுகிறது.

அமெரிக்காவில் அதற்குள் இயந்திரம் வந்துவிட்டிருந்தது. பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வே 1930இல் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்கும், 1931இல் 'கொலம்பியன்' என்ற முழு வண்டிக்கும் ஏசி போட்டது. அதற்கு மூலமான இயந்திரத்தை வில்லிஸ் கேரியர் 1902இல் வடிவமைத்தார். மனிதனுக்காகச் செய்ததே இல்லை அது. நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை எடுக்கத்தான் அந்த இயந்திரம். காகிதத்துக்குச் செய்த உபகாரம் மனிதனுக்கும் சுகமாக இருந்தது. எங்கள் மலையில் நவம்பர் பனிமூட்டத்தில் புத்தகத்துக்குப் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சகக்காரரின் கஷ்டம் புரியும்.

கேரியருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார், எனக்குப் பிடித்தவர். ஜான் கோரி என்ற டாக்டர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளைப் பார்த்தவர். 1840களில் நோயாளிகள் படுத்திருந்த அறையில் ஐஸ் வைத்த பாத்திரத்தைக் கூரையருகே தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கி நோயாளி மேல் படும். ப்ளோயர் வேண்டாம், கயிறு இழுக்கிற ஆள் வேண்டாம். பிறகு ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமையும் வாங்கினார். வியாபாரம் ஆகவில்லை, ஏழையாகவே இறந்தார். டக்ட் மேலேயா கீழேயா என்ற எங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதி பதில் இவரிடமே இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். 1956இல் ஹவுராவுக்கும் டெல்லிக்கும் இடையே முழுவதும் ஏசி போட்ட வண்டி வந்தது. 1969இல் ராஜதானி. இவையெல்லாம் நம்மைப் போன்றவர்கள் பிளாட்பாரத்தில் நின்று கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்த வண்டிகள். உண்மையான மாற்றம் 1993இல் வந்த மூன்றடுக்கு ஏசி. படுக்கையை நெருக்கிப் போட்டு, ஆள் எண்ணிக்கையைக் கூட்டி, கட்டணத்தை இறக்கினார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியன் ஒருவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏறலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

நான் முதலில் ஏறியது மகளின் பிரசவத்துக்காக சென்னை போனபோது. வண்டி எது தெரியுமா? ஏற்காடு எக்ஸ்பிரஸ்! பெயர்தான் ஏற்காடு, மலைக்கும் தண்டவாளத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஈரோட்டில் கிளம்பி சேலத்தில் நின்று விடிகாலையில் சென்னை சேரும். ஏற்காட்டில் பிறந்து ஏற்காட்டில் வளர்ந்த நானும் என் துணைவியாரும் அந்த ஏற்காடு எக்ஸ்பிரஸில் குளிரில் நடுங்கினோம். அவர் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நம்ம ஊர்க் குளிர் மேல படும், இது எலும்புக்குள்ள போகுது" என்றார். ரயில் பெட்டிக்குள் வழக்கமாக வைப்பது 23 முதல் 25 டிகிரி வரைதானாம். நம் ஊர் டிசம்பரோடு ஒப்பிட்டால் அது குளிரே இல்லை. மேல்படுக்கைக்கு அரை முழம் மேலே காற்றுத் துளை இருந்ததுதான் விஷயம். நம் ஊர்க் குளிர் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். டக்ட் குளிர் ஒரே இடத்தில் கொட்டும். சென்ட்ரல் ஏசியின் முழுக் கஷ்டமும் இதுதான், குளிரை உண்டாக்குவது சுலபம், பங்கு போடுவதுதான் சிரமம்.

என் மாணவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பெட்டியின் இரண்டு முனையிலும் கூரை மேல் ஒவ்வொரு இயந்திரம். ஒவ்வொன்றும் சுமார் 7 டன். முன்பு இவை தரைக்கு அடியில் தொங்கின. கல், தூசி, மழைத் தண்ணீர் எல்லாம் அடிக்கும், பழுது பார்க்க ஊர்ந்து போக வேண்டும். பிறகு கூரைக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து நடுக்கூரை வழியாகப் பெட்டி நெடுக டக்ட் ஓடுகிறது. இயந்திரத்தின் பக்கத்துத் துளை, தூரத்துத் துளை இரண்டிலும் ஒரே அளவு காற்று வர வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வான். பந்தி நடுவிலிருந்து பாயசம் பரிமாற ஆரம்பித்தால் கடைசி இலைக்கு என்ன கிடைக்கும், அந்தக் கதைதான். அதனால் பக்கத்துத் துளையை இறுக்கி, தூரத்துத் துளையைத் திறந்து சரிபார்க்கிறார்கள். உள்ளே இருந்த காற்றே திரும்பப் போய்க் குளிர்ந்து வருகிறது. கூடவே கொஞ்சம் வெளிக்காற்றையும் வடிகட்டிச் சேர்க்கிறார்கள், இல்லையென்றால் இரவெல்லாம் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்க வேண்டியதுதான்.

கரெண்ட் எங்கிருந்து? பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் சக்கர அச்சிலேயே பெல்ட் மாட்டி ஆல்டர்னேட்டரைச் சுற்றவைப்பார்கள். வண்டி ஓடினால் மின்சாரம், நின்றால் பேட்டரி. சிக்னலில் வெகுநேரம் நின்றால் பெட்டி புழுங்க ஆரம்பிப்பது இதனால்தான். ராஜதானி போன்ற வண்டிகளில் இரண்டு பக்கமும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி. இப்போது மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து என்ஜின் வாங்கிப் பெட்டிகளுக்குக் கொடுக்கிறது. அந்த மின்சாரத்தை ரயில்வேக்காரர்கள் 'ஹோட்டல் லோடு' என்கிறார்களாம். இழுக்கிற வேலைக்குப் போகிற மின்சாரம் வேறு, உள்ளே இருக்கிற விருந்தாளிகளுக்குப் போகிற மின்சாரம் வேறு. பெயர் வைத்தவர் ரசிகர்தான்.

எனக்குக் கணக்கு வாத்தியார் புத்தி போகாது. ஒரு பெட்டிக்கு 14 டன். இரண்டு இயந்திரமும் முழு வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம், அதாவது நாளில் கால்வாசி. 14இல் கால் பங்கு மூன்றரை டன் ஐஸ். 3,000 கிலோவுக்கு மேல்! 1934 முறையில் என்றால் ஒரு பெட்டிக்கு மட்டும் ஒரு லாரி ஐஸ். அதில் நம் பங்கு எவ்வளவு? சும்மா படுத்திருக்கிற ஒரு மனிதன் ஒரு பழைய நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறான். 72 படுக்கை உள்ள பெட்டியில் 72 பல்பு, 7.2 கிலோவாட். சுமார் இரண்டு டன். 14இல் இரண்டுதான் நம் உடம்புக்கு. மீதியில் பெரும்பகுதி கூரையும் சுவரும் கண்ணாடியும் வாங்கும் வெயிலுக்கும், உள்ளே வரும் வெளிக்காற்றுக்கும் அதிலுள்ள ஈரத்துக்கும். இரவு வண்டிக்கு இவ்வளவு தேவைப்படாது, சேலம் மேட்டில் பகல் முழுக்க நிற்கும் வண்டிக்குத் தேவைப்படும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. இரும்புப் பெட்டியில் இயந்திரம் செய்கிற வேலையில் பாதி அந்த இரும்பை எதிர்த்துத்தான். எங்கள் மலையில் பழங்குடி மலையாளி மக்களின் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மண் சுவர், தடித்த புல் கூரை, தாழ்ந்த வாசல். ஏப்ரல் மதியம் உள்ளே போனால் சில்லென்று இருக்கும். அதை ஏசி போடும் அளவுக்குச் சூடாக்கவே முடியாது. ஏற்காட்டில் ஏசியைத் தேவையாக்குவது ஏற்காட்டு வெயில் இல்லை, நாம் கொண்டுவரும் பெட்டி.

சரி, அமெரிக்க வீட்டுக்கு மட்டும் ஏன் கீழே டக்ட்? அங்கே இந்த வீடுகள் பிறந்தது குளிரைச் சமாளிக்க. இழுவை வண்டி வீடாக ஆரம்பித்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகி, 1976இல் அவற்றுக்கென்றே நாடு முழுமைக்கும் ஒரு கட்டுமான விதி வந்தது. உள்ளே முக்கியமான சாமான் வெப்ப உலை. சூடான காற்று மேலே ஏறும், அதனால் தரையில் விட்டால்தான் காலில் ஆரம்பித்து அறை முழுக்கப் பரவும். அடியில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இடமும் இருக்கிறது. பிறகு கோடைக்குக் குளிர் வேண்டும் என்றபோது அதே குழாயில் குளிரையும் அனுப்பினார்கள். புதுக் குழாய் போட யாருக்கு மனசு வரும்? குளிர் காற்று தரையிலேயே தங்கிவிடாமல் இருக்க வேகமாக மேலே ஊத வேண்டும். அடியில் குழாய் பிய்ந்தாலோ எலி கடித்தாலோ குளிரெல்லாம் மண்ணுக்குப் போகும். நமக்கு உலை தேவையில்லை. அவர்கள் குளிர்காலத்துக்குப் போட்ட குழாயை நாம் ஏன் காப்பி அடிக்க வேண்டும்? மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்போ ரயில் மாதிரி மேலேயே போட்டுடலாம் மாமா" என்றார். ஏசியை மட்டும் விடவில்லை!

கண்டெய்னர் வந்த கதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை பேசியது 40 அடி. சேலம் அடிவாரத்தில் டிரெய்லர் டிரைவர் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவு என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் 20 அடிப் பெட்டி இரண்டு, தனித்தனி லாரியில். நான் மூன்றாவது வளைவில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் கிளீனர் குதித்து ஓடிக் கட்டை வைப்பார், டிரைவர் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் எடுப்பார். டோலி ஏறிய மலையில் வீடே ஏறிப் போனது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுச்சுவரை வெட்டி ஒரே வீடாக்கினார்கள். மொத்தம் 320 சதுர அடி. உள் உயரம் எட்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. டக்ட் கூரையில் ஓடினால் தலை இடிக்கும். என் மாணவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து டேப் பிடித்து அளந்தான். டக்டை நடுவில் கொண்டு போகாமல், இரண்டு பெட்டியும் சேரும் இடத்தில் வாசலுக்கு மேல் மட்டும் பெட்டி கட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் காற்றுத் துளை வைக்கச் சொன்னான். ரயில் பெட்டியின் டக்டில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை அந்தத் துளைக்கு நேர் கீழே போடக் கூடாது என்று என் துணைவியார் முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டார்.

கடைக்காரர் இரண்டு டன் சொல்லியிருந்தார். மாணவன் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், மெஷின் அப்புறம். முதல்ல மேலே இன்னொரு கூரை போடுங்க. அந்தக் காலத்துப் பெட்டி மாதிரி." இரட்டைக் கூரை! நான் புத்தகத்தில் தேடிப் படித்ததை அவன் கையால் தட்டிப் பார்த்தே சொல்லிவிட்டான்.

ஓடு வாங்க வேண்டியிருக்கவில்லை. சாய்ந்த வீட்டைப் பிரித்தபோது இறக்கிய மங்களூர் ஓடுகளை என் துணைவியார் விற்க விடாமல் கொய்யா மரத்தடியில் அடுக்கி வைத்திருந்தார். என் அப்பா ஏற்றிய ஓடுகள். இரும்புப் பெட்டிக்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து, அந்த ஓடுகளையே வேய்ந்தோம். இடைவெளியில் காற்று போகிறது, அணிலும் போகிறது. சுவருக்கு உள்பக்கம் தெர்மோகோல் மாதிரியான பஃப் பலகை. ஓடு வேய்வதற்கு முந்தின வாரம் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே தெர்மாமீட்டர் வைத்தேன், 39. வேய்ந்த பிறகு அதே நேரம் 31. வெளியே இரண்டு நாளும் ஏறக்குறைய 30. இது என் வீட்டு அளவு மட்டும், வெயில், காற்று, பலகை எல்லாம் சேர்ந்தது, ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு டன் ஒரு டன்னாகக் குறைந்தது. மாப்பிள்ளை அதை வாங்கி மாட்டினார். சண்டை தீர்ந்தது, அவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. மே மாதம் கோடை விழா சமயத்தில் பேரப்பிள்ளைகள் வந்தபோது நாலு இரவு ஓடியது. அதற்குப் பிறகு அதைப் போட்டது யார் தெரியுமா? நான்தான். அக்டோபர் கடைசியில் மூட்டம் இறங்கியது. இரும்புச் சுவரின் ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்தது. என் புத்தக அலமாரியில் முதுகு வெளுத்துப் பூஞ்சை. மாணவனுக்கு போன் செய்தேன். "ரிமோட்ல 'டிரை'ன்னு இருக்கும் சார், பகல்ல ரெண்டு மணி நேரம் போடுங்க. ராத்திரி ரொம்பக் குளிர்ல அது வேலைக்கு ஆகாது" என்றான். கேரியர் புரூக்ளினில் காகிதத்துக்காகச் செய்த அதே வேலை. தினமும் ஒரு செம்புத் தண்ணீர் வெளியே குழாயில் சொட்டுகிறது. துணைவியார் அதைப் பிடித்து வெற்றிலைக் கொடிக்கு ஊற்றுகிறார்.

இதை எழுதும்போது மதியம் மூன்று மணி, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் தெரியவில்லை, அவ்வளவு மூட்டம். ஏசி 'டிரை'யில் ஓடுகிறது. ஓட்டுக்கு அடியில் அணில் எதையோ உருட்டுகிறது, கொய்யாவாக இருக்கும்.

பழைய ரயில்வேக்காரர்கள் யாராவது படித்தால், பிளாட்பாரத்தில் ஐஸ் ஏற்றியதை நேரில் பார்த்த உங்கள் அப்பா, தாத்தா சொன்ன கதை இருந்தால் எழுதுங்கள். அந்தப் பக்கம் மட்டும் எனக்கு இன்னும் காலியாகவே இருக்கிறது.